கார்டில் இல்லாத கேள்விகள்

எக்கா, அந்த ஷட்டரக் கொஞ்சம் இறக்கி விடுதீங்களா? காத்து அடிச்சா எனக்குத் தொண்டை கட்டிக்கிடும். இன்னைக்கு மட்டும் கட்டிரக் கூடாது. நாளைக்கு ஊமையாப் போனாலும் பரவாயில்ல. மத்தியானம் ரெண்டு மணிக்குத் திருவனந்தபுரத்துல எனக்குப் பரீட்சை. சிரிக்காதீங்க, நாப்பத்தி மூணு வயசாச்சுன்னு எனக்கே தெரியும்.

இங்கிலீஷ் பரீட்சைதான். நர்ஸு வேலைக்கு லண்டன் போகணும்னா இதுல பாஸாகணும். ஊசி ஒழுங்காப் போடுவியா, நரம்பு கிடைக்குமான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். வாய் எப்படின்னுதான் பாப்பான். வாசிக்கது, எழுதுதது, காதால கேட்டு விளங்குதது, எல்லாம் தேறியாச்சு. பேச்சுலதான் ரெண்டு தடவை கவுத்துட்டான். நான் பேச்சுல ஃபெயில்னு சொன்னா எங்க வார்டுல ஒருத்தியும் நம்ப மாட்டேங்கா. "நீங்களா சிஸ்டர், பேச்சுலயா?"ன்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்காளுவ.

அன்னா, டிரைவருக்குப் பின்சீட்டுல ஊதாக் கட்டம் போட்ட சட்டை, மடியில பைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காவளே, அவியதான் எங்க வீட்டுக்காரவிய. ஆசீர்னு பேரு. பின்னால உக்காந்தாத் தூக்கித் தூக்கிப் போடும், வயித்துக்கு ஆகாது, அதான் முன்னால உக்கார வச்சிருக்கேன். நான் பேசுதது அவியளுக்குக் கேக்காதுலா? சத்தம் கூடுச்சுன்னா என் தொடையில ஒரு தட்டு தட்டுங்க. யாருட்டயாச்சும் சொல்லலன்னா எனக்கு இன்னைக்கு நெஞ்சு வெடிச்சிரும். நீங்க நாகர்கோவில்ல இறங்கிருவீங்க, பொறவு நான் யாரு நீங்க யாரு.

இந்தப் பேச்சுப் பரீட்சை எப்படின்னா, ஒரு கார்டு குடுப்பான். நோயாளி யாரு, என்ன நோவு, நீ என்ன சொல்லணும்னு அதுல போட்டிருக்கும். எதிர்ல உக்காந்திருக்க ஆளுதான் நோயாளி. நல்லாத் தின்னுட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருப்பான், அவனுக்கு நெஞ்சு வலின்னு நாம நம்பணும். அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள விசாரிச்சு, ஆறுதல் சொல்லி, சொல்ல வேண்டியதச் சொல்லி முடிக்கணும். நாடகம்தான்.

பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில இருபது வருஷமா நர்ஸா இருக்கேன். எங்க ஆஸ்பத்திரி இங்கிலீஷு எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா அது அங்க செல்லாதாம். "எக்ஸ்பயர்டு"ன்னு சொல்லக் கூடாதாம், அது மருந்து சீசாவுக்குத்தானாம், மனுசன் செத்தா "டைட்"னு நேராச் சொல்லணுமாம். லூஸ் மோஷன்னா அவனுக்கு விளங்காதாம். "யுவர் குட் நேம்"னு கேட்டா, பேருல என்ன நல்ல பேரு கெட்ட பேருன்னு முழிப்பானாம். நர்ஸ எல்லாம் சிஸ்டர்னு கூப்பிட மாட்டானாம், வார்டுக்குப் பெரியவளா இருக்கவதான் அங்க சிஸ்டராம். வாமிட்டுன்னு சொல்லும்போது பல்லு கீழ்உதட்டுல படணும், வார்டுன்னு சொல்லும்போது படக் கூடாது. கண்ணாடி முன்னால நின்னு வாமிட் வார்டு, வாமிட் வார்டுன்னு ஒரு மாசம் சொல்லியிருக்கேன். எங்க மக ஷைனி பதினொண்ணாம் கிளாஸு படிக்கா, அவ, "எம்மா, நீ சொல்லுததக் கேட்டு எனக்கே குமட்டுது"ம்பா.

இதெல்லாம் சொல்லித் தாரது ரீத்தா மேடம். நாகர்கோவில்காரவிய, இங்கிலாந்துல லீட்ஸுங்குத ஊருல பதினெட்டு வருஷம் நர்ஸா இருந்துட்டு வந்து, இப்ப போன்லயே கிளாஸு எடுக்காவ. நல்ல மனுசி. ஆனா உதட்டக் கடிக்கதுல இருந்து மூச்சு விடுதது வரைக்கும் தப்பு கண்டுபிடிப்பாவ.

வீட்டுல பழகுததுக்கு ஒரு நோயாளி வேணும்லா? அதுக்கு அவிய இருக்காவ. அவியளுக்கு மைக் செட்டு வேலை எக்கா. ஆசீர் சவுண்ட் சர்வீஸுன்னா எங்க பக்கம் கோயில் அசன விருந்து, கல்யாணம், கன்வென்ஷன் எதுன்னாலும் கூப்பிடுவாவ. பத்தாங்கிளாஸுதான். ஆனா காது அப்படிக் கூர்மை, எந்தச் சத்தம் பிசகுனாலும் பிடிச்சிருவாவ. எனக்கு ஒரு மைக்கக் கையில குடுத்து, ஆம்ப்ளிஃபயரப் போட்டு, "பேசுட்டி, உன் சத்தத்த நீயே கேளு"ன்னாவ. ஸ்பீக்கரத் தெருப் பக்கமாத் திருப்பி வச்சிருந்தாவன்னு எனக்குத் தெரியாது. "ஹவ் ஆர் யூ ஃபீலிங் டுடே, மிஸ்டர் ஹாரிஸ்"னு நான் கேட்டது ரெண்டு தெருவுக்குக் கேட்டிருக்கு. பால்காரரு வந்து, "யாரும்மா அந்த ஹாரிஸு, இப்ப எப்படி இருக்காரு?"ன்னு கேட்டாரு. அன்னைக்கு அவிய வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சது இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்கி.

லண்டன் போற ஆசையே அவியளுக்குத்தான். நான் பாட்டுக்கு இருந்தேன். "உனக்குத் திறமை இருக்கு, இங்க கிடந்து சாவுத"ன்னு ஃபாரம் வாங்கிட்டு வந்தது அவியதான்.

முதல் தடவை போன வருஷம் ஜூன்ல எழுதுனேன். அப்ப ஒரு கார்டு வந்துது பாருங்க, நான் அப்படியே விக்கிச்சுப் போயிட்டேன். ஒரு மனுசருக்கு ஸ்கேன் பாத்தாச்சு. கேன்சரு. டாக்டர் காலையில சொல்லிட்டுப் போயிட்டாரு, இவருக்கு மண்டையில ஏறல. நர்ஸு நீ அவருட்ட நிதானமா, ஒளிக்காம, திரும்ப எடுத்துச் சொல்லணும்.

எக்கா, நீங்களே சொல்லுங்க. நம்ம பக்கம் எவளாச்சும் நோயாளி முகத்தப் பாத்து இதச் சொல்லுவாளா? நாக்குத்தான் வருமா? "கூட யாரு வந்திருக்கா"ன்னுதான் முதல்ல கேப்போம். அட்டெண்டர் யாரு, வெளிய வாங்கன்னு கூப்பிடுவோம். வராண்டாவுல வச்சு மகன்ட்டயோ மருமகன்ட்டயோ சொல்லுவோம். அவன் செவத்துல சாஞ்சு அழுதுட்டு, பைப்படியில முகத்தக் கழுவிட்டு உள்ள போயி, "ஒண்ணும் இல்லப்பா, குடல்ல புண்ணாம், மாத்திரை சாப்பிட்டாச் சரியாயிருமாம்"பான். நான் பக்கத்துல நின்னு தலையாட்டுவேன். நோயாளி நிம்மதியா ரெண்டு இட்லி கூடத் தின்பாரு. எத்தனை பேர அப்படித் தேத்தி அனுப்பியிருக்கேன் தெரியுமா? அதுக்கு எனக்கு அங்க முட்டை மார்க்கு.

பரீட்சையில நான் என்ன செஞ்சேன், "ஹூ ஹேஸ் கம் வித் யூ?"ன்னு கேட்டேன். யாரும் வரலங்கான். "கால் யுவர் சன், ஐ வில் டெல் ஹிம்"ன்னேன். எனக்கே தெரியணும், எங்கிட்டயே சொல்லுங்கன்னு ஒத்தைக் கால்ல நிக்கான். கோட்டிக்காரப் பய. "டோண்ட் வொரி, நத்திங் வில் ஹேப்பன், ஈட் வெல்"னு சொல்லி அவன் கையில தட்டியும் குடுத்தேன். அவன் கைய இழுத்துக்கிட்டான். நேரம் முடிஞ்சு போச்சு.

ரீத்தா மேடம் தலையில அடிச்சுக்கிட்டாவ. "கிளாடிஸ், ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க? ஆகும்லா? அது அங்க பொய்"ன்னாவ. நாலு படி சொல்லித் தந்தாவ. முதல்ல, உங்களுக்கு என்ன தெரியும்னு அவருட்டயே கேக்கணும். பொறவு, எவ்வளவு தெரிஞ்சுக்கிட ஆசப்படுதீங்கன்னு கேக்கணும். பொறவு, நல்ல செய்தி இல்லன்னு ஒரு வார்த்தை. அதுக்குப் பொறவு விஷயத்தச் சொல்லிட்டுச் சும்மா இருக்கணும். சும்மா இருக்கதுக்கு மார்க்கு உண்டாம் எக்கா! அஞ்சு எண்ணுத வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதாம். எனக்கு அதுதான் எல்லாத்தையும் விடப் பாடு.

பழகிக்கிடுங்கன்னு முப்பது கார்டு அனுப்புனாவ. அதுல இந்த மாதிரி ஒரு கார்டு உண்டு. அதுலதான் மிஸ்டர் ஹாரிஸு வாராரு. ரிட்டையர்டு வாத்தியாரு, ஒரு நாய் வளக்காரு.

எந்த ஊரு வந்திருக்கு? நாங்குநேரியா? இன்னும் நேரம் இருக்கு.

அக்டோபர்ல அவியளுக்கு வயித்து வலி. பந்தல்ல பாக்ஸ் தூக்குனதுல சுளுக்குன்னாவ. கண்ணு மஞ்சளா இருக்கேன்னு எனக்குச் சந்தேகம். எங்க ஆஸ்பத்திரியிலயே ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் என்னைய மட்டும், "சிஸ்டர், கொஞ்சம் உள்ள வாங்க"ன்னாரு. அந்தக் கூப்பாட்ட நான் இருபது வருஷமாக் கேட்டிருக்கேன் எக்கா. மத்தவங்களத்தான் அப்படிக் கூப்பிடுவாரு. உள்ள போறதுக்கு முன்னாலயே எனக்கு விளங்கிருச்சு.

கணையத்துல. ஈரலுக்கும் போயிருச்சு. ஆறு மாசம், கூடப் போனா எட்டுன்னாரு. "அவருட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்லுதீங்களா"ன்னு கேட்டாரு. டாக்டர் கால்லயே விழுந்துட்டேன். சொல்லிராதீங்க சார், அந்த மனுசன் அன்னைக்கே செத்துப் போவாவன்னேன். அவிய தம்பிட்ட மட்டும் சொன்னேன். அவனும், "அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் மைனி, தைரியம் விட்டுப் போயிரும்"னான். பொறவு என்ன, பைப்படிக்குப் போனேன், முகத்தக் கழுவுனேன், உள்ள போயி, "ஒண்ணும் இல்லங்க, குடல்ல புண்ணாம், அல்சரு"ன்னேன். "அவ்வளவுதானா?"ன்னாவ. "அவ்வளவுதான்"ன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்பச் சரி, டீ குடிக்கலாமா?"ன்னாவ.

நாலு மாசமா மறைச்சு வச்சிருக்கேன் எக்கா. சாமர்த்தியம்னா அப்படி ஒரு சாமர்த்தியம். மாத்திரை அட்டையில பேரச் சுரண்டிட்டுத்தான் குடுப்பேன். ஆஸ்பத்திரி ஃபைலுல எந்தப் பிரிவுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், அதுக்கு மேல ஷைனி புத்தகத்துக்குப் போடுத காக்கி அட்டையப் போட்டுட்டேன். அவியளுக்கு இங்கிலீஷு அவ்வளவு வராதுங்குதது எனக்கு ஒரு தைரியம். அந்தக் கார்டுகள வாசிச்சு வாசிச்சு இப்ப ஆங்காலஜின்னா கேன்சரு வைத்தியம், பேலியேட்டிவ்னா வலிய மட்டும் குறைக்கதுன்னு கூட அவியளுக்கு அர்த்தம் தெரியும், அது வேற விஷயம். அவிய சுபாவம் வெள்ளை எக்கா. எதையும் சந்தேகப்பட மாட்டாவ. பெரிய ஆம்ப்ளிஃபயரத் தம்பி வீட்டுக்குக் குடுத்துட்டாவ, ஷைனிய உக்கார வச்சு பேங்குப் புத்தகம் எங்க இருக்கு, கரண்டு பில்லு எப்படிக் கட்டணும்னு சொல்லிக் குடுக்காவ. அல்சர்னா மனுசனுக்குச் சோர்வு வரும்லா, வேலையக் குறைச்சுக்கிடுதாவ. அதுவும் நல்லதுதான்னு விட்டுட்டேன்.

இப்ப நான் எந்தப் பக்கம் போக, சொல்லுங்க. பாஸானா, கிளம்பி வான்னு சொல்லுவான். அவியள இப்படி விட்டுட்டு நான் எங்க போக? ஃபெயிலானா அவிய முகம் வாடுது, அதப் பாக்க எனக்குத் திராணி இல்ல. சரி, பரீட்சையே வேண்டாம்னு விட்டா, "ஏட்டி, இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் விட்ட?"ன்னு கேப்பாவ. என்ன பதில் சொல்ல? நான் படிப்ப விட்டா அவியளுக்கு எல்லாம் விளங்கிரும். அதுக்காகவே படிக்கேன். காலையில எந்திரிச்சு, ஆண்டவரே நான் பாஸாகக் கூடாதுன்னு ஜெபம் பண்ணுவேன், முழங்காலத் தட்டிட்டு எந்திரிச்சு வாமிட் வார்டு சொல்லுவேன். இப்படி ஒரு பொழப்பு எந்தப் பொம்பளைக்காவது உண்டா?

அவியளும் விட மாட்டேங்காவ. தினசரிக் காலண்டரக் கிழிக்கும்போது இன்னும் இத்தனை நாளுன்னு சொல்லித்தான் கிழிப்பாவ. "நீ மட்டும் அங்க போயிட்டேன்னா ஷைனியப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல"ம்பாவ. முந்தி எல்லாம், பனி கொட்டும்போது மைக் செட்டு வேலை செய்யுமா, நான் அங்க வந்து யாருக்குக் கட்டுவேன்னு கேலி பேசுனவிய. இப்ப அந்தக் கேலியே இல்ல.

நவம்பர்ல ரெண்டாந் தடவை எழுதுனேன். பாவி, அதே மாதிரிக் கார்டு. எதிர்ல உக்காந்திருந்தது ஒரு சின்னப் பொண்ணு, ஆனா எனக்கு அங்க இவிய முகம்தான் தெரிஞ்சுது. "டெல் மீ, ப்ளீஸ்"ங்கா அவ. எனக்கு வாயி அடைச்சுப் போச்சு. சும்மா இருக்கதுக்கு மார்க்கு உண்டுன்னா, அஞ்சு நிமிஷமும் சும்மா இருந்தா மார்க்கு இல்லியாம். உச்சரிப்புக் கோளாறுன்னுதான் வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்.

அதுல இருந்து அவியளுக்கு ஒரு பிடிவாதம். முப்பது கார்டு இருக்கா, டெய்லி சாயந்தரம் நான் டியூட்டி முடிஞ்சு வந்ததும் அந்த ஹாரிஸு கார்டத்தான் உருவுவாவ. சுகர்காரி ஒருத்தி கார்டு இருக்கு, காலு முறிஞ்ச பயலு ஒருத்தன் கார்டு இருக்கு, அதெல்லாம் எடுக்க மாட்டாவ. "நீ தோத்தது இதுலதான? இத எடு. சொல்லிப் பழகு"ம்பாவ. நியாயம்தான? நான் என்ன சொல்ல முடியும்? நாக்காலியப் போட்டு எதிர்ல உக்காந்து, "சிஸ்டர், வாட் இஸ் மை ரிசல்ட்?"ன்னு கேப்பாவ. எனக்கு எப்படி இருக்கும்? என் புருசன் என் எதிர்ல உக்காந்து கேக்காவ எக்கா, அவிய ரிசல்ட்டு என் பீரோவுல சேலைக்கு அடியில இருக்கு. அடுப்புல பால வச்சிருக்கேன்னு எந்திரிச்சு ஓடிருவேன். எத்தனை நாளைக்குப் பால் பொங்கும்?

அதுலயும் சள்ளை என்னன்னா, கார்டுல இருக்கத மட்டும் கேட்டுத் தொலைக்க மாட்டாவ. இல்லாததெல்லாம் கேப்பாவ. ஒரு நாளு, "சிஸ்டர், ஹவ் மெனி மன்த்ஸ்?"ன்னாவ. இன்னொரு நாளு, கடைசியில வலி ரொம்ப இருக்குமான்னு கேட்டாவ. போன வாரம், "மை டாட்டர் இஸ் இன் லெவன்த். வில் ஐ சீ ஹர் ட்வெல்த் ரிசல்ட்?"ன்னாவ. எனக்கு ஆத்திரமா வந்துட்டு. மிஸ்டர் ஹாரிஸுக்கு மகளே கிடையாது எக்கா! கார்டத் தூக்கி எறிஞ்சுட்டேன். "உங்களுக்கு என்ன கூறுகேடா? போட்டிருக்கத மட்டும் கேளுங்க. அஞ்சு நிமிஷத்துல இதெல்லாம் வருமா? இப்படிப் பழகுனா நான் எப்படி உருப்பட?"ன்னு கத்திட்டேன். அவிய கீழ குனிஞ்சு கார்ட எடுத்து, வேட்டியில துடைச்சுட்டு, "சரி, முதல்ல இருந்து"ன்னாவ. நோவுக்கார மனுசன இப்படிச் சத்தம் போட்டோமேன்னு பொறவு அடுக்களையில நின்னு அழுதேன். சேலத்துண்ட வாயில வச்சுக்கிட்டு அழுதேன், அவியளுக்குத்தான் காது கூர்மையாச்சே.

வள்ளியூர் தாண்டிருச்சா? அவிய தூங்குதாவளோ? தலை சாஞ்ச மாதிரி இருக்கு. இல்ல, வெளிய பாக்காவ.

இன்னைக்குக் காலையில நடந்ததத்தான் உங்ககிட்டச் சொல்லணும். அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கோம், வண்டி இன்னும் வரல. சிமெண்டு பெஞ்சுல உக்காந்தோம். பையத் திறந்து அந்தக் கார்ட எடுத்தாவ. "இங்கனயா?"ன்னேன். "இங்கனதான். இந்தக் கூப்பாட்டுல சொல்லிட்டேன்னா எங்க வேணாலும் சொல்லிருவ"ன்னாவ. சுத்தி கண்டக்டருங்க நாகர்கோவில் நாகர்கோவில்னு கத்துதாங்க. சுக்குக்காபிக்காரன் ஒரு பக்கம். நம்மள யாரு பாக்கப் போறா? சரி, ஆனது ஆகட்டும்னு நானும் நேரா உக்காந்தேன்.

"வாட் டூ யூ நோ அபௌட் யுவர் கண்டிஷன், மிஸ்டர் ஹாரிஸ்?"ன்னேன். டாக்டர் சொன்னது புரியலன்னுதான் கார்டுல இருக்கு. இவிய என்ன சொன்னாவ, "எவ்ரிபடி இஸ் சேயிங் அல்சர்"ன்னாவ. எங்க இருந்து வந்துச்சு அந்த அல்சரு? சரி, அவியளுக்கு வயித்து நோவு ஞாபகமாவே இருக்கு, அதான் வாயில வந்துட்டுன்னு நான் கண்டுக்கிடல. அடுத்த படிக்குப் போயிட்டேன். "உட் யூ லைக் மீ டு டெல் யூ எவ்ரிதிங்?" "எஸ் சிஸ்டர். எவ்ரிதிங். டோண்ட் ஹைட்." நான் அவிய கையப் பிடிச்சேன். அங்க கையப் பிடிக்கதுக்கு முன்னால கேட்டுட்டுத்தான் பிடிக்கணும், நான் கேக்கல. "ஐ ஆம் அஃப்ரெய்ட் இட் இஸ் நாட் குட் நியூஸ்"ன்னேன். கை எலும்பாத்தான் இருக்கு எக்கா, எத்தனை பாக்ஸ் தூக்குன கை. "இட் இஸ் கேன்சர், மிஸ்டர் ஹாரிஸ்."

சொல்லிட்டேன். நாலு மாசமாத் தமிழ்ல நெஞ்சுக்குழியிலயே கிடந்தத இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். அது வேற யாருக்கோ சொல்லுத மாதிரி வந்துட்டு.

சொல்லிட்டுச் சும்மா இருந்தேன். மனசுக்குள்ள எண்ணுனேன். அஞ்சு எண்ணுனாப் போதும், நான் பத்துக்கும் மேல எண்ணிட்டேன். அவிய என் கைய விடல. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு. நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு. பொறவு, "தேங்க் யூ, சிஸ்டர்"ன்னாவ. "ப்ளீஸ் டோண்ட் டெல் மை வைஃப். ஷீ கேனாட் பேர். ஐ வில் டெல் ஹர். ஸ்லோலி"ன்னாவ.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் எக்கா. ஏன்னா அது அங்க உள்ள வழக்கம். நோயாளியோட விஷயம் நோயாளிக்கு மட்டும்தான் சொந்தமாம். கட்டுன பொண்டாட்டியா இருந்தாலும் அவரு சம்மதம் இல்லாம நாம வாயத் திறக்கக் கூடாதாம். அவ வந்து வாசல்ல புரண்டு அழுதாலும் சொல்லக் கூடாதாம். இங்க உள்ளதுக்கு அப்படியே தலைகீழ். அத ரீத்தா மேடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாவ, நான் போன ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுட்டிருக்கும்போது இவிய பக்கத்துல வயரு சுத்திக்கிட்டு இருந்தாவ. எவ்வளவு கருத்தாக் கேட்டிருக்காவ பாருங்க! அதுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் எனக்குத் தெரியும். "தட் இஸ் யுவர் டிசிஷன். ஐ வில் நாட் டெல் ஹர் வித்அவுட் யுவர் பெர்மிஷன்"ன்னேன். ஒரு சொல்லு பிசகல. "ப்ராமிஸ்?"ன்னாவ. "ப்ராமிஸ்"ன்னேன்.

அப்பத்தான் வண்டி வந்துது. கார்ட மடிச்சுப் பையில வச்சுட்டு, துண்டால முகத்தத் துடைச்சுட்டு, "நல்லாச் சொன்னட்டி. இன்னைக்கு நீ பாஸு"ன்னாவ. அப்படிச் சிரிச்ச முகத்த நான் பாத்து எத்தனை மாசமாச்சு. ரீத்தா மேடத்துக்கு உடனே வாட்ஸப்புல பேசி அனுப்புனேன், இந்த மாதிரி எல்லாப் படியும் சொல்லிட்டேன் மேடம், அவியளும் இப்படிப் பதில் சொன்னாவன்னு. எப்பவும் ரெண்டு நிமிஷத்துல பதில் போடுதவிய. கேட்டுட்டாவ, நீலக் கோடு விழுந்திருக்கு. இன்னும் ஒரு வார்த்தை வரல.

ஒரே ஒரு தப்புதான் விட்டுட்டாவ. அதையும் உங்ககிட்டச் சொல்லிருதேன், மத்தியானத்துக்குள்ள அவியள்ட்டச் சொல்லித் திருத்தணும். மிஸ்டர் ஹாரிஸுக்குப் பொண்டாட்டி கிடையாது எக்கா. செத்து நாலு வருஷமாச்சு. கார்டுல ரெண்டாவது வரியிலயே போட்டிருக்கு. இவியளுக்கு அந்தக் கார்டு மனப்பாடம், நாயோட பேரு வரைக்கும் சொல்லுவாவ. நூறு தடவை வாசிச்சிருப்பாவ. அப்படி இருக்கும்போது, பொண்டாட்டிட்டச் சொல்லாதன்னு யார...

இல்ல. இருங்க. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க எக்கா. எதுக்கு என் கையப் பிடிக்கீங்க? எப்பவே உங்களுக்கு விளங்கிருச்சுலா? எல்லாருக்கும் விளங்கியிருக்கு. அந்த ரீத்தாவுக்கும் விளங்கியிருக்கு, அதான் பதில் வரல. நான் ஒருத்திதான் அல்சரு அல்சருன்னு மாத்திரை அட்டையச் சுரண்டிக்கிட்டு... என் ஐயா, எத்தனை மாசம்னு கேட்டாவளே. வலிக்குமான்னு கேட்டாவளே. நான் கார்டத் தூக்கி எறிஞ்சேனே.

எக்கா, அவிய திரும்பிப் பாக்காவ. தண்ணி வேணுமான்னு பாட்டிலத் தூக்கிக் காட்டுதாவ. வேண்டாம்... வேண்டாங்க, இருக்கட்டும்! நான் சிரிக்கேன்லா? என் முகம் சரியா இருக்கா? கண்ணு சிவந்திருக்கா? சிவந்திருந்தா ஜன்னல் காத்துன்னு சொல்லிக்கிடுதேன். அந்த ஷட்டரத் திறந்து விடுங்க. தொண்டை கட்டுனாக் கட்டட்டும்.

இப்ப எந்திரிச்சுப் போயி அவிய கால்ல விழலாம். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், ரெண்டு பேருமா அழுவோம்னு சொல்லலாம். ஆனா மெதுவாச் சொல்லுதேன்னு சொல்லியிருக்காவ. அந்த மனுசன் இத்தனை மாசமா எனக்காக எப்படிச் சொல்லன்னு யோசிச்சு வச்சிருப்பாவ. அவியளே சொல்லட்டும். என்னைக்குச் சொல்லுதாவளோ அன்னைக்குப் புதுசாக் கேக்குத மாதிரி கேட்டுக்கிடுதேன்.

நீங்க இறங்கும்போது அவியளத் தாண்டித்தான் போவீங்க. நின்னு ஒண்ணும் கேட்டுராதீங்க எக்கா, உங்கள எங்க அம்மாவா நினைச்சுக் கேக்கேன். அவிய பொண்டாட்டிட்டச் சொல்ல மாட்டேன்னு நான் ப்ராமிஸ் பண்ணிக் குடுத்திருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாது.